புளியங்கொட்டையிலிருந்து பத்துக்கட்டு வரை: சிறு குழந்தைகளுக்கு எண்ணிக்கை கற்பிக்கும் முறை

மூன்றரை வயதுக் குழந்தை இருபது வரை தடங்கலின்றிச் சொல்லிவிட்டால், வீட்டில் உள்ளவர்கள் அடுத்த வாரமே ஐம்பது வரை சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்பாக அந்தக் குழந்தையின் எதிரில் ஒரு கிண்ணத்தில் பதினைந்து புளியங்கொட்டைகளை வைத்து, "அம்மாவுக்கு நாலு கொட்டை மட்டும் எடுத்துக் குடு கண்ணு" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இருபது வரை ஒப்பித்த குழந்தைகளில் பலர் கையில் அகப்பட்டதை அப்படியே அள்ளி நீட்டுவார்கள். அவர்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்பவை இன்னும் ஒரு பாட்டின் சொற்கள்தான். அந்தச் சொற்கள் ஓர் அளவைக் குறிக்கின்றன என்பது பிடிபடவில்லை. அமெரிக்க உளவியலாளர் கேரன் வின் 1990களின் தொடக்கத்தில் இதே போன்ற கேள்வியைக் குழந்தைகளிடம் கேட்டு ஆராய்ந்தார். குழந்தைகள் முதலில் 'ஒன்று' என்பதன் பொருளை மட்டும் அறிகிறார்கள், சில மாதங்கள் கழித்து 'இரண்டு', பிறகு 'மூன்று' என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள், அதன் பின் ஒரு கட்டத்தில் எண்ணும் முறையே அளவைச் சொல்லும் முறை என்பது அவர்களுக்குப் புலப்படுகிறது என்பது அவருடைய ஆய்விலிருந்து தெரியவந்தது. ஆகவே, ஒப்பிக்கும் எல்லையை நூறு வரை நீட்டுவதைவிட, பத்துக்குள் உள்ள அளவுகளைக் கையாலும் கண்ணாலும் பழக்குவதில் நேரத்தைச் செலவிடுவதே பயன் தரும் என்பது என் கருத்து. மூன்று வயது முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வீட்டிலும் அங்கன்வாடியிலும் தொடக்க வகுப்புகளிலும் அதைச் செய்வதற்கான வழிகளை இங்கே பார்க்கலாம். இவற்றில் பெரும்பாலானவை நம் வீட்டுத் திண்ணையில் ஆடிய ஆட்டங்களிலேயே இருக்கின்றன.

குழந்தை எந்தப் படியில் நிற்கிறது?

வயதை வைத்தோ வகுப்பை வைத்தோ இதை முடிவு செய்ய முடியாது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்று வரையுள்ள வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைப்படி அமர்த்துகிறது. அதன் அடிப்படையும் இதுதான். வீட்டில் நிலையறிய ஐந்து நிமிடம் போதும்.

மேலே சொன்ன 'எடுத்துக் கொடு' கேள்வி முதலாவது. ஒன்றில் தொடங்கி, சரியாகக் கொடுத்தால் ஒன்று கூட்டியும் தவறினால் ஒன்று குறைத்தும் கேட்க வேண்டும். இரண்டாவதாக, ஆறு கொட்டைகளை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லி, எண்ணி முடித்தவுடன் "மொத்தம் எத்தனை?" என்று கேட்க வேண்டும். "ஆறு" என்று உடனே சொல்லும் குழந்தைக்குக் கடைசியாகச் சொன்ன சொல்தான் முழுக் கூட்டத்தின் அளவு என்பது தெரிந்திருக்கிறது. மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும் குழந்தைக்கு அது இன்னும் தெரியவில்லை. மூன்றாவது, சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே செய்து காட்டிய சோதனை. ஐந்தைந்தாக இரண்டு வரிசைகளைச் சமமாக அடுக்கி, இரண்டிலும் ஒரே அளவு இருக்கிறது என்று குழந்தை ஒப்புக்கொண்ட பின், ஒரு வரிசையை மட்டும் அகல விரித்துவிட்டு, இப்போது எதில் அதிகம் என்று கேட்க வேண்டும். நீளமான வரிசையைக் காட்டினால் திருத்த வேண்டியதில்லை. சில வாரங்கள் விளையாட்டில் பொருள்களைக் கலைத்து, விரித்து, குவித்து எண்ணிய பிறகு மீண்டும் கேட்டால் போதும்.

ஐந்து வயதைக் கடந்தவர்களுக்கு நான்காவதாக ஒன்று உண்டு; எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. ஐந்து கொட்டைகளைக் குழந்தை பார்க்கும்படி எண்ணி ஒரு கொட்டாங்கச்சியால் மூடிவிட்டு, வெளியே மூன்றை வைத்து, "எல்லாம் சேர்த்து எத்தனை?" என்று கேட்க வேண்டும். ஒரு குழந்தை கொட்டாங்கச்சியைத் தூக்கிப் பார்க்க முயலும். இன்னொரு குழந்தை ஓட்டின் மேல் விரலால் ஐந்து முறை தட்டி "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு" என்று சொல்லிவிட்டு, வெளியே இருப்பவற்றுக்கு வந்து எட்டில் முடிக்கும். வேறொரு குழந்தை ஓட்டைக் கையால் தொட்டு "அஞ்சு" என்று சொல்லி, "ஆறு, ஏழு, எட்டு" என்று தொடரும். இந்த மூவருக்கும் அடுத்துக் கொடுக்க வேண்டிய வேலை வெவ்வேறு. விடை மட்டும் எழுதும் தாளில் இரண்டாவது குழந்தைக்கும் மூன்றாவது குழந்தைக்கும் வேறுபாடே தெரியாது.

பொருள்களும் ஓர் எச்சரிக்கையும்

புளியங்கொட்டை, சோழி, ஈர்க்குச்சி, ரப்பர் பேண்டு, கொட்டாங்கச்சி, பழைய முட்டை அட்டை, சாக்பீஸ் ஆகியவை இருந்தால் போதும். கடையில் விற்கும் வண்ணப் பொம்மைகள் தேவையில்லை. அழகான பொம்மையைக் கொடுத்தால் குழந்தை அதை வைத்து விளையாடத் தொடங்கிவிடுமே ஒழிய எண்ணாது. குன்றிமணியை மட்டும் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. சிவப்பு உடலும் கறுப்புக் கண்ணுமாகப் பார்க்க அழகாக இருந்தாலும் அதன் பருப்பில் கொடிய நஞ்சு இருக்கிறது. மென்றோ உடைத்தோ விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் வீட்டில் இருந்தால் கொட்டையும் சோழியும் வேண்டாம். வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ள முடியாத எலுமிச்சம்பழம், சிறு உருளைக்கிழங்கு, டம்ளர் போன்றவற்றைக் கொண்டு எண்ணலாம். பெரிய குழந்தைகளாக இருந்தாலும் ஆட்டம் முடிந்ததும் கொட்டைகளை எண்ணியே டப்பாவில் போட வேண்டும். அது பாதுகாப்பும் ஆகும், பயிற்சியும் ஆகும்.

நகர்த்தி எண்ணுதல்

மூன்று, நான்கு வயதில் எண்ணும்போது நாக்கும் விரலும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. நாக்கு ஐந்து சொல்லும்போது விரல் மூன்றைத்தான் கடந்திருக்கும். சில குழந்தைகள் 'ரெண்டு' என்ற சொல்லை 'ரெண்' என்றும் 'டு' என்றும் பிரித்து இரண்டு கொட்டைகளுக்குப் பங்கிட்டுவிடும். வட்டமாக வைத்தாலோ எங்கே தொடங்கினோம் என்பது மறந்து, சுற்றிக்கொண்டே இருக்கும். "பார்த்து எண்ணு" என்று அதட்டுவதால் இவற்றில் எதுவும் சரியாகாது. பொருளைத் தொடுவதற்குப் பதிலாக நகர்த்தச் சொல்வதுதான் மருந்து. தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு கொட்டையையும் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் தள்ளும்போது ஒரு சொல் மட்டும் சொல்ல வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளலாம். எண்ணியது எது, எண்ணாதது எது என்பது அப்போது கண்ணெதிரே பிரிந்து கிடக்கும்.

முட்டை அட்டையின் குழிகளில் குழிக்கு ஒன்றாகப் போடுவது இதற்கு அடுத்த பயிற்சி. பல்லாங்குழிப் பலகை வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. ஆட்டத்தின் விதிகள் எதுவும் தேவையில்லை; ஒரு கைப்பிடிக் கொட்டையை எடுத்துக் குழிக்கு ஒன்றாக இட்டுக்கொண்டே போவதே நான்கு வயதுக்குப் போதுமான ஆட்டம். ஒரு குழியை விட்டுவிட்டாலும் இரண்டு போட்டாலும் அது உடனே தெரிந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு டம்ளர் என்று வைக்கச் சொல்வதும் இதே வேலைதான். ஆனால் தட்டுகளைக் குழந்தையின் கையில் எண்ணிக் கொடுத்துவிட்டால் பயன் இல்லை. "அப்பா, பாட்டி, நீ, நான், எத்தனை தட்டு எடுத்துட்டு வரணும்?" என்று கேட்டு அனுப்ப வேண்டும். மூன்று தட்டோடு வந்து பாட்டிக்கு இல்லை என்று கண்டு மறுபடி ஓடினால், அந்த ஓட்டத்தில்தான் பாடம் இருக்கிறது.

எண்ணி முடித்ததும் பெரியவர் செய்ய வேண்டிய சிறு காரியம் ஒன்று உண்டு. கடைசிச் சொல்லோடு நிறுத்திவிடாமல், எண்ணிய கூட்டம் முழுவதையும் உள்ளங்கையால் வளைத்துக் காட்டி, "மொத்தம் ஆறு கொட்டை" என்று ஒருமுறை சொல்ல வேண்டும். 'ஆறு' என்பது கடைசிக் கொட்டையின் பெயர் என்றே பல குழந்தைகள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த எண்ணத்தை மாற்றுவது இந்த வளைத்துக் காட்டல்தான். பிறகு அதே கொட்டைகளை வலமிருந்து இடமாகவும் நடுவிலிருந்தும் எண்ணிக் காட்டி, எங்கே தொடங்கினாலும் ஆறுதான் வருகிறது என்பதைக் குழந்தையே கண்டுபிடிக்க விட வேண்டும். ரோஷல் கெல்மன், காலிஸ்டல் என்னும் இரு ஆய்வாளர்கள் 1978-இல் எண்ணுதலின் ஐந்து நெறிகளை வகுத்தார்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல், சொற்களின் மாறாத வரிசை, கடைசிச் சொல்லே மொத்தம், எதை வேண்டுமானாலும் எண்ணலாம், எந்த வரிசையிலும் எண்ணலாம் என்பவையே அவை. இந்த ஐந்தையும் வாய்ப்பாடமாகச் சொல்லித் தருவதற்கு ஒன்றுமில்லை. ஒரு கிளிப் பொம்மையைப் பிடித்து வேண்டுமென்றே தப்பாக எண்ணச் செய்து, "கிளி சரியா எண்ணுச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். தானே எண்ணும்போது கோட்டைவிடுகிற குழந்தைகூடக் கிளியின் தவற்றைப் பாய்ந்து பிடிக்கும், காரணமும் சொல்லும்.

எண்ணாமலே பார்த்தல்

மூன்று, நான்கு வரையிலான அளவுகளை மனிதக் கண் எண்ணாமலே அறிந்துகொள்ளும். பல்லாங்குழி ஆடுகிறவர்கள் குழியில் நான்கு சேர்ந்தவுடன் 'பசு' என்று சொல்லி அள்ளிவிடுகிறார்கள். யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருப்பதில்லை. ஐந்துக்கு மேல் போகும்போது கண் இரண்டு சிறு கூட்டங்களாகப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். இந்தப் பழக்கமே பிற்காலத்தில் கூட்டலுக்கு உதவும்.

நாலைந்து அட்டைகளில் கோலப்புள்ளிகளைப் போலப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலையிலும் நடுவிலும் ஒன்றாக ஐந்து, இரண்டு வரிசையில் மும்மூன்றாக ஆறு, மேலே மூன்றும் கீழே நான்கும் சேர்ந்து ஏழு என்று அமைக்கலாம். அட்டையை இரண்டு விநாடி மட்டும் காட்டிக் கவிழ்த்துவிட வேண்டும். நெடுநேரம் காட்டினால் குழந்தை எண்ணத் தொடங்கிவிடும். விடையை விடவும் அடுத்த கேள்வி முக்கியம்: "எப்படிப் பார்த்தே?" ஒரு குழந்தை "மேல ரெண்டு, கீழ ரெண்டு, நடுவுல ஒண்ணு" என்று சொல்லும். இன்னொரு குழந்தை அதே ஐந்தை "இந்தப் பக்கம் சாய்ஞ்சு மூணு, அப்புறம் ரெண்டு மூலை" என்று சொல்லும். இரண்டும் சரி. ஒரே அளவை வெவ்வேறு விதமாகப் பிரிக்கலாம் என்பதை இரு குழந்தைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டு அறிவது, நாம் சொல்லித் தருவதைவிட ஆழமாகப் பதியும். வாசலில் உண்மையாகவே புள்ளி வைக்கும் வீடுகளில், "ஐந்து புள்ளி ஐந்து வரிசை" என்று வைத்துவிட்டு ஒரு புள்ளியை மட்டும் விட்டுவைத்து எங்கே குறைகிறது என்று கேட்கலாம். வரிசையும் நிரையும் கண்ணில் பதிவது பின்னாளில் பெருக்கலுக்கு உதவும்.

ஐந்தின் உள்ளே என்ன இருக்கிறது?

இந்தக் கட்டத்தில்தான் நெடுநாள் தங்க வேண்டும். ஐந்து என்பது நான்கும் ஒன்றும், மூன்றும் இரண்டும் என்று பிரியும் என்பதைக் கைவசப்படுத்திய குழந்தைக்குக் கூட்டலும் கழித்தலும் புதிய பாடங்களாகத் தோன்றா.

அஞ்சாங்கல் ஆட்டத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். ஒரு கல்லை மேலே எறிகிறோம், நான்கு தரையில் கிடக்கின்றன. முதல் சுற்றில் ஒவ்வொன்றாக நான்கு தடவை எடுக்கிறோம். இரண்டாம் சுற்றில் இரண்டிரண்டாக. மூன்றாம் சுற்றில் மூன்றை ஒரே வாரலிலும் எஞ்சிய ஒன்றைத் தனியாகவும். நான்காம் சுற்றில் நான்கையும் ஒருசேர அள்ளுகிறோம். நான்கைப் பிரிக்கக்கூடிய வழிகள் இங்கே ஒரு சுற்றுக்கு ஒன்றாக வந்துவிடுகின்றன. ஐந்து வயதுக் குழந்தைக்கு எறிந்து பிடிக்க வராது. அதனால் எறிவதை விட்டுவிட்டு, தரையில் கிடப்பதை எடுப்பதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். பெரியவர் எறிய, குழந்தை வாரலாம். "மூணு எடுத்தாச்சு, கீழ என்ன மிச்சம்?" என்று பார்க்காமலே சொல்லச் சொன்னால், கழித்தல் என்ற சொல்லை உச்சரிக்காமலேயே கழித்தல் நடந்துவிடுகிறது. ஏழாங்கல்லுக்குப் போனால் தரையில் ஆறு கிடக்கும். அதன் பிரிவுகள் இன்னும் பல.

சோழி உருட்டுதல் இன்னும் எளிது. ஐந்து சோழிகளைக் குலுக்கிப் போட்டால் சில மலர்ந்தும் சில கவிழ்ந்தும் விழும். மலர்ந்தவை எத்தனை, கவிழ்ந்தவை எத்தனை என்று ஒவ்வொரு தடவையும் சிலேட்டில் எழுதிக்கொண்டே வர வேண்டும். சோழி கிடைக்காவிட்டால் தாயம் ஆடுவதற்குச் செய்வது போலப் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் சிமெண்டுத் தரையில் வெள்ளை தெரியும் வரை தேய்த்துக்கொள்ளலாம். தேய்த்தவுடன் கொட்டை சுடும். குழந்தைகள் அதைப் பக்கத்தில் இருப்பவரின் கையில் வைத்துச் சிரிப்பதற்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்கிவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு தடவை போட்ட பின், "இதுவரைக்கும் வராத ஜோடி ஏதாவது இருக்கா?" என்று கேட்க வேண்டும். ஐந்தும் மலர்ந்து, கவிழ்ந்தது ஒன்றுமே இல்லாமல் விழும்போது 'ஒன்றும் இல்லை' என்பதை எப்படி எழுதுவது என்ற கேள்வி தானாக வரும். பூச்சியத்தை அறிமுகப்படுத்த இதைவிடப் பொருத்தமான தருணம் கிடைப்பது அரிது. அதன் பின் பாதியை மறைத்து ஆடலாம். ஐந்தில் சிலவற்றைக் கைக்குள் மூடிக்கொண்டு மீதியைக் காட்டி, மூடிய கையில் எத்தனை என்று கேட்பது. ஐந்து நன்றாகப் பழகிய பிறகே ஆறுக்கும், பின் பத்துக்கும் போக வேண்டும்.

பத்துக்கு வரும்போது கட்டம் வேண்டும். சிலேட்டிலோ தரையிலோ மேலே ஐந்து, கீழே ஐந்து என்று பத்துக் கட்டங்கள் வரைந்து, எப்போதும் மேல் வரிசையின் இடது ஓரத்திலிருந்து நிரப்பும் பழக்கத்தை மாற்றாமல் கடைப்பிடிக்க வேண்டும். எட்டு வைத்தால் மேல் வரிசை நிறைந்து கீழே மூன்று நிற்கும். காலியாக இரண்டு கிடக்கும். எட்டு என்பது ஐந்தும் மூன்றும், பத்துக்கு இரண்டு குறைவு என்ற இரண்டு செய்திகளும் ஒரே பார்வையில் கிடைத்துவிடுகின்றன. குழந்தையின் இரு கைகளும் இதே கட்டம்தான். சில ஆசிரியர்கள் விரல் விட்டு எண்ணுவதைத் தடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தடுத்தால் குழந்தை விரலை மேசைக்குக் கீழே ஒளித்து எண்ணும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக, ஏழு காட்டச் சொல்லும்போது ஒரு விரலாக நீட்டாமல் ஒரு கை முழுவதையும் இரண்டு விரலையும் சட்டென்று ஒன்றாக நீட்டப் பழக்கினால், விரலே எண்ணுவதிலிருந்து விடுவிக்கும். விரல் கணுக்களில் பெருவிரலை வைத்து எண்ணும் நம் பெரியவர்களின் முறை, ஒரு விரலுக்கு மூன்று கணு என்பதால், மும்மூன்றாகத் தாவி எண்ணும் வயதில் கைகொடுக்கும். ஐந்தையும் பத்தையும் பழகும் காலத்தில் அது குழப்பும்.

விட்ட இடத்திலிருந்து தொடர்தல்

கொட்டாங்கச்சியைத் தட்டித் தட்டி எண்ணிய அந்த இரண்டாவது குழந்தை இப்போது தொடர்ந்து எண்ணக் கற்க வேண்டும். இதற்கு முன்தேவை ஒன்று உண்டு: எந்த எண்ணிலிருந்தும் வாய் தொடங்க வேண்டும். "ஆறுக்கு அப்புறம்?" என்று கேட்டால், ஒன்றிலிருந்து பாடிக்கொண்டு வந்து ஏழைச் சொல்லும் குழந்தை தொடர்ந்து எண்ண ஆயத்தமாகவில்லை. படிக்கட்டில் ஏறும்போது நான்காவது படியில் நிறுத்தி அங்கிருந்து சொல்லவைக்கலாம். இறங்கும்போது பின்னோக்கிச் சொல்லவைக்கலாம். பின்னோக்கி எண்ணுவது பலரும் நினைப்பதைவிடக் கடினம், எனவே ஐந்திலிருந்து தொடங்கினாலே போதும்.

பிறகு கொட்டாங்கச்சி ஆட்டத்தையே தினமும் ஆடலாம். ஓட்டின் மேல் '5' என்று சாக்பீஸால் எழுதிவிட்டால், உள்ளே உள்ளதை மறுபடி எண்ணும் ஆசை குறைகிறது. வெளியே முதலில் ஒன்றை மட்டும் வைத்து, அடுத்து இரண்டு, மூன்று என்று ஏற்ற வேண்டும். இது பழகிய பின், ஓட்டுக்கு அடியில் இரண்டும் வெளியே ஏழும் வைத்துப் பாருங்கள். ஏழிலிருந்து தொடங்கி "எட்டு, ஒன்பது" என்று முடிக்கும் குழந்தை, பெரிய எண்ணிலிருந்து தொடங்கினால் வேலை குறையும் என்பதைத் தானே கண்டுகொண்டிருக்கிறது. அதை முன்கூட்டியே விதியாகச் சொல்லிக் கெடுத்துவிடக் கூடாது.

கட்டம் தாண்டும் ஆட்டங்களும் இதற்கு உதவும். கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் ஆகிய இருவர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வசதி குறைந்த குடும்பங்களின் பள்ளி முன்பருவக் குழந்தைகள் ஒன்று முதல் பத்து வரை எண்கள் வரிசையாக எழுதிய ஒரு பலகையில் சில முறை ஆடிய பிறகு, எண்களை ஒப்பிடுவதிலும் எண்கோட்டில் இடம் குறிப்பதிலும் நன்றாக முன்னேறினார்கள். எண்ணுக்குப் பதிலாக வண்ணங்கள் இருந்த பலகையில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. ஆடும்போது குழந்தை என்ன சொல்கிறது என்பதுதான் இதில் நுட்பமான இடம். நான்காம் கட்டத்தில் காய் நிற்க, இரண்டு விழுந்தால், "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லி நகர்த்துவதைவிட "அஞ்சு, ஆறு" என்று கட்டத்தில் இருக்கும் எண்ணைச் சொல்லி நகர்த்துவதே பயன் தரும். காய் நிற்கும் கட்டத்தையே ஒன்று என்று எண்ணிவிடும் பிழை எல்லாக் குழந்தைகளிடமும் வரும். காயைக் கையில் தூக்கித் 'தாவு' என்று சொல்லிப் பழக்கினால் போய்விடும்.

நூறு கட்டங்கள் உள்ள பரமபதத்தை இந்த வயதில் கொடுக்க வேண்டாம். ஒரு வரிசை இடமிருந்து வலமாகவும் அடுத்தது வலமிருந்து இடமாகவும் வளைந்து ஏறுவதும், பாம்பு கடித்து இறங்குவதும் எண்வரிசையின் ஒழுங்கை மறைத்துவிடும். வாசலில் நேர்கோடாகப் பத்துக் கட்டம், பிறகு இருபது கட்டம் வரைந்து குழந்தையே காயாக நின்று தாண்டட்டும். தாயக்கட்டை இரண்டை உருட்டிக் கூட்டுவது ஆறு வயதில் நன்றாக வரும். ஒரு கட்டையில் மூன்றும் மறு கட்டையில் இரண்டும் விழுந்தால் ஐந்து என்று பார்த்தவுடன் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டிலும் புள்ளியில்லாத பக்கம் விழுந்தால் பன்னிரண்டு என்ற விதி மட்டும் கூட்டலுக்கு ஒத்துவராது. அதை ஆட்டத்தின் சலுகை என்று சொல்லிக் கடந்துவிடலாம்.

எட்டும் ஐந்தும் போன்ற கூட்டல்களில் மேலே சொன்ன பத்துக் கட்டம் மீண்டும் வருகிறது. எட்டு உள்ள கட்டத்தில் இரண்டு காலி. ஐந்திலிருந்து இரண்டை எடுத்து நிரப்பினால் பத்தும் மூன்றும். இதைக் கொட்டைகளை நகர்த்திப் பலமுறை செய்த குழந்தை, ஒரு நாள் கையை அசைக்காமல் கட்டத்தை வெறித்துப் பார்த்துவிட்டு விடை சொல்லும். அப்போது கொட்டைகளை எடுத்து வைத்துவிடலாம்.

பத்துக்கட்டு

துடைப்பத்திலிருந்து கழித்த ஈர்க்குகளை ஒரே அளவாக நறுக்கி, ஐம்பது அறுபது குச்சிகளைக் குழந்தையின் முன் குவித்து, எத்தனை இருக்கும் என்று முதலில் குத்துமதிப்பாகக் கேட்க வேண்டும். பிறகு எண்ணத் தொடங்கட்டும். முப்பதை நெருங்கும்போது யாராவது கூப்பிட்டால் எண்ணிக்கை தவறிவிடும். கூப்பிடுங்கள். இரண்டு முறை தவறிய பிறகு, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போடலாமா என்ற யோசனைக்குக் குழந்தை எளிதில் இணங்கும். கட்டுகளைக் குழந்தையே கட்ட வேண்டும். கடையில் வாங்கிய கட்டிலோ முன்பே கட்டி வைத்ததிலோ உள்ளே பத்து இருக்கிறது என்ற நம்பிக்கை அதற்கு வராது. அவிழ்த்து எண்ணிப் பார்க்கும். கழித்தலில் ஒரு கட்டை அவிழ்க்க வேண்டிய நாள் வரும்போது, தான் கட்டியதை அவிழ்க்கிற குழந்தைக்குக் 'கடன் வாங்குதல்' என்ற மந்திரம் தேவைப்படாது.

தமிழ் எண்ணுப்பெயர்கள் இங்கே நமக்குத் துணையாக இருக்கின்றன. பதின்மூன்று என்றால் பத்தும் மூன்றும், இருபத்தைந்து என்றால் இரண்டு பத்தும் ஐந்தும் என்று சொல்லிலேயே கட்டுகள் தெரிகின்றன. ஆங்கிலவழிப் பள்ளியில் 'தேர்ட்டீன்' என்று மூன்றை முதலில் கேட்டு 31 என்று எழுதிவிடும் குழந்தைக்கு, வீட்டில் ஒரு கட்டையும் மூன்று குச்சியையும் வைத்துப் பதின்மூன்று என்று சொல்லிக் காட்டினால் தெளிவு பிறக்கும். தமிழிலும் இடறும் இடங்கள் உண்டு. இருபத்தொன்பதுக்கு அடுத்து 'இருபத்திப் பத்து' என்று சொல்லும் குழந்தை தவறாக எண்ணவில்லை, விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. அந்தப் பத்துக் குச்சிகளையும் கட்டாகக் கட்டி மூன்றாவது கட்டாக வைத்தால், முப்பது என்ற பெயர் வந்துசேரும். தொண்ணூறில் நூறு ஒலிப்பதால் அது நூறுக்கு மேற்பட்டதென்று நினைப்பவர்களும் உண்டு. ஒன்பது கட்டுகளை அடுக்கிவைத்துப் பெயர் சொல்வதைத் தவிர இதற்கு விளக்கம் எதுவும் எடுபடாது.

எழுதுவது கடைசியில்தான் வர வேண்டும். அப்போதும் சொல்லைக் கேட்டு அப்படியே எழுதும் குழந்தை, இருபத்தைந்தை 205 என்று எழுதும். இருபதுக்கு 20, ஐந்துக்கு 5 என்று அது கேட்டதைத்தான் எழுதியிருக்கிறது. இரண்டு கட்டம் அகலமுள்ள அட்டையில் 10, 20, 30 என்று தொண்ணூறு வரையிலும், ஒரு கட்டம் அகலமுள்ள அட்டையில் 1 முதல் 9 வரையிலும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு கட்டுகளின் அருகே 20 அட்டையையும் ஐந்து குச்சிகளின் அருகே 5 அட்டையையும் வைத்து, பிறகு 5 அட்டையை 20-இன் பூச்சியத்தின் மேல் சரியாகப் பொருத்தி வைக்கச் சொல்ல வேண்டும். 25 என்று தெரியும். "அந்தப் பூச்சியம் எங்கே போச்சு?" என்று கேட்டால், குழந்தை 5 அட்டையைத் தூக்கி அடியில் பார்க்கும். அதையே 40, 70 என்று மாற்றிப் பல தடவை தூக்கிப் பார்த்த பிறகு, அட்டை இல்லாமல் சிலேட்டில் எழுதச் சொல்லலாம். மீண்டும் 205 வந்தால் அழித்துத் திருத்தாமல், அந்த எண்ணுக்கு உரிய கட்டுகளை எடுத்துவைக்கச் சொன்னால் போதும்.